நாலடித் தூரம்

"அக்கா, நாலடியில உங்களுக்கு அப்படி என்ன இருக்கு?"

ராபியத்து இதைக் கேட்டபோது, செல்சியா லென்ஸைக் கழற்றிய கண்களில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாற்காலியில் அண்ணாந்து சாய்ந்திருந்தாள். கேள்வி புரியவில்லை. புரியாவிட்டாலும், எதையோ திருடி மாட்டிக்கொண்டதுபோல் காதுமடல் சூடானது. ஏன் சூடானது என்று தனக்கே தெரியாது என்றுதான் இன்றைக்கும் சாதிக்கிறாள். நாம் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ராபியத்து காயல்பட்டினத்துப் பெண். லென்ஸ் பொருத்துவதில் கெட்டிக்காரி, வாய் ஓயாதவள். கணினித் திரையைச் செல்சியா பக்கம் திருப்பினாள். திரையில், செல்சியாவின் கண் எந்தெந்தத் தூரத்தைத் தேடியது என்று காட்டும் ஒரு கோடு, அதில் மேடுகள். இடதுகோடியில் பதினாறு அங்குலத்தில் ஒரு மேடு: அது கிரேன் கேபினுக்குள் இருக்கும் திரையும் பொத்தான்களும். வலதுகோடியில் நூற்றிருபது அடியில் இன்னொன்று: அது கீழே கப்பலில் அடுக்கியிருக்கும் கண்டெய்னர்கள். இரண்டும் இருக்க வேண்டியவை. நடுவில், நாலடியில், யாரும் கேட்காத மூன்றாவது மேடு ஒன்று மற்ற இரண்டையும்விட உயரமாக நின்றது.

"டிவியா இருக்கும்" என்றாள் செல்சியா.

"நாலடியில உக்காந்தா டிவி பாக்கிய? கண்ணு என்னத்துக்கு ஆகும்" என்று ராபியத்து அதற்கும் ஒரு திட்டு வைத்திருந்தாள்.

செல்சியாவுக்கு நாற்பத்தொன்பது வயது. கணவர் லூர்து போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. தூத்துக்குடிக்கு வடக்கே புதிதாக வந்த கண்டெய்னர் துறையில் பெரிய கிரேன் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலடியிலும் கண்ணாடிதான். அங்கே உட்கார்ந்து, குனிந்து பார்த்து, முப்பது டன் பெட்டியை அதன் நான்கு மூலைகளும் உள்ளங்கை அகலத் துவாரங்களில் பொருந்துமாறு இறக்க வேண்டும். அந்த வேலை அவளுக்கு உயிர். மேலே போனால் கடல் முழுவதும் அவளுடையது. காற்று, கப்பல், தூரத்தில் உப்பளங்களின் வெள்ளை என்று எல்லாவற்றையும் தினமும் புதிதாக வாங்கியதுபோல் பார்ப்பாள்.

கண்தான் காலை வாரிவிட்டது. வயதாகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான் அவளுக்கும் வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இருக்கும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேபினில் குனிந்தால், படிக்கிற பாதி வழியாகத்தான் கப்பலைப் பார்க்க முடியும். கப்பல் மொத்தமும் கஞ்சித் தண்ணீராகிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெட்டியை ஒரு சாண் தள்ளி இறக்கிவிட்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்: கற்கும் லென்ஸ் போட்டுக்கொண்டு, பதினைந்தாம் நாள் பார்வைச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் வாசலில் லாரிக்குச் சீட்டுக் கொடுக்கும் மேசை. சம்பளம் குறையாது. தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். செல்சியாவுக்கு அந்த 'அவ்வளவுதான்' முள்ளாகக் குத்தியது.

கற்கும் லென்ஸ் என்றால் என்ன என்பதை முதல் நாளே ராபியத்து விளக்கியிருந்தாள்.

"இதுக்கு நாம சொல்ல வேண்டாம்க்கா, தானாக் கத்துக்கும். உங்க கண்ணு எந்தத் தூரத்தத் தெளிவாப் பாக்கணும்னு முக்குதோ, அத மனசுல வச்சுக்கும். சாயங்காலம் கழத்தி டப்பியில போட்டா, காலையில அந்தத் தூரத்துக்கு ஒரு வளையம் போட்டுக் குடுக்கும். வயசானா கண்ணுக்கு முடியாமப் போகும், ஆச போகாது. அந்த ஆசயத்தான் இது படிக்கும். பதினாலு நாள் படிக்கும். பதினஞ்சாவது நாள் அப்படியே நின்னுரும். அதுக்குப் பொறவு ஒரு வருசத்துக்கு மாத்த முடியாது."

கூடவே ஒரு எச்சரிக்கையும் செய்தாள். கண்ணுக்குள் போகிற வெளிச்சம் ஒரு பானைச் சோறு மாதிரி. இரண்டு வளையம் என்றால் பாதிப் பாதி. மூன்றாவதாக ஒன்று பந்தியில் உட்கார்ந்தால் மற்ற இரண்டும் அரை வயிறுதான். கிட்டத்து வளையம் மட்டும் கொஞ்சம் தாராளமானது. இரண்டடிக்குள் இருப்பது திரையானாலும் சாப்பாட்டுத் தட்டானாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் தனி வளையம் கேட்கும்.

போடக் கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. கையை வாசனையில்லாத சோப்பில் கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்து, எப்போதும் வலது கண்ணில் தொடங்க வேண்டும். விரல் நுனியில் லென்ஸை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். விளிம்பு விரிந்து சாஸர் மாதிரி இருந்தால் உள்ளே வெளியே மாறிவிட்டது என்று அர்த்தம். பச்சைத் தண்ணீர் படக்கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. முதல் நாள் நாலு மணி நேரம், பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். செல்சியா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் சாளைமீனுக்கு மிளகாய் தடவிய கையை ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவிவிட்டு லென்ஸைப் போட்டாள். தெருவே கேட்கிற மாதிரி மாதாவைக் கூப்பிட்டாள். மிளகாய், சோப்புக்குப் பயப்படுகிற சாமான் இல்லை. அன்று முதல் குழம்பு வைப்பது லென்ஸ் போட்ட பிறகுதான்.

முதல் வாரம் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. விளக்கைச் சுற்றி வளையம், எழுத்துக்குப் பின்னால் நிழல். கண்ணுக்கு வருகிற இரண்டு படத்தில் எது வேண்டும் என்று மூளை தேர்ந்தெடுக்கப் பழக வேண்டுமாம். எட்டாம் நாள் காலையில் கேபினில் உட்கார்ந்து குனிந்தபோது, பெட்டியின் மூலைத் துவாரம் பளிச்சென்று தெரிந்தது; நிமிர்ந்தால் திரையில் எண்ணும் தெரிந்தது. செல்சியா தனியாகச் சிரித்தாள். வாக்கிடாக்கியில் தனசிங்கின் குரல், "என்ன மேடம், குஷியா இருக்கிய?" என்று கேட்டது. சிரிக்கும்போது பொத்தான் அமுங்கியிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தனசிங் கீழே தரையில் நின்று அவளுக்கு வழி சொல்கிறவர். ஐம்பத்திரண்டு வயது, இதுவரை கல்யாணம் இல்லை. அக்கா தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது பெண் பார்க்க ஆள் இல்லை. மேலிருந்து பார்த்தால் அவர் ஒரு மஞ்சள் தொப்பி மட்டுமே. துறையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. செல்சியா மட்டும் அவரைச் 'சார்' என்பாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வாயில் அண்ணாச்சி வரவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

அப்படித்தான் ஒன்பது நாள் ஓடி, பத்தாம் நாள் ராபியத்து அந்த நாலடிக் கேள்வியைக் கேட்டாள். அந்தக் கோட்டின் நகல் ஏற்கெனவே துறையின் மருத்துவருக்குப் போய்விட்டது. அதில் ஒன்றும் செய்வதற்கில்லை, வேலைக்கான லென்ஸ் என்றால் கோடு அங்கேயும் போகும். டாக்டர் சங்கரபாகம் நடு மேட்டைச் சிவப்பில் வட்டமிட்டு, 'வேலைக்கு அவசியமில்லாத தூரம். விளக்கம் தேவை' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"என்னத்தக்கா செய்ய, ஊரே இந்தக் கோட்டப் பாத்து அலையுது" என்றாள் ராபியத்து. போன மாதம் ஒரு மாமியார், மருமகனுடைய கோட்டைக் காட்டு என்று வந்து நின்றாளாம். இன்னொரு வீட்டில் புருஷனுடைய கோட்டில் ஒரே ஒரு மேடு, பதின்மூன்று அங்குலத்தில். செல்போன். பெண்டாட்டி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாளாம். "மனசுல கெடக்க வேண்டியத காயிதத்துல போட்டா இப்படித்தான். எனக்கே சில நாள் பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் செல்சியா தையல் டப்பாவிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து வீட்டை அளந்தாள். நாற்காலியிலிருந்து டிவி ஏழடி. அடுப்பு இரண்டடி. லூர்து படம் மாட்டியிருந்த சுவர் ஒன்பதடி. நாலடியில் ஒன்றுமே இல்லை. மறுநாள் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கேபினில் அளந்தாள். நாலடியில் வெறும் காற்று.

மத்தியானம் கேன்டீனுக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நீள மேசைகளில் சுவரோரப் பெஞ்சு பெண்களுக்கு, எதிர்ப் பெஞ்சு ஆண்களுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. முதல் நாள் யாரோ அப்படி உட்கார்ந்தார்கள், அதுவே சட்டமாகிவிட்டது. செல்சியா சுவரோரம் உட்கார்ந்து தூக்குப் போணியைத் திறந்தாள். எதிரே வழக்கம்போல் தனசிங். நடுவில் வழக்கம்போல் அவர் வாங்கி வந்த முந்திரி மக்ரூன் பொட்டலம். திறந்த போணியை அப்படியே ஓரமாகத் தள்ளினாள். டேப்பை எடுத்தாள்.

"என்ன மேடம், மேசய அளக்கியளா?"

"ஆமா சார். அந்த முனயப் பிடிங்க."

அவர் பிடித்தார். மேசை விளிம்பில் பிடித்ததை, மூக்குப் பக்கம் பிடிக்கச் சொன்னாள். மேசையை அளக்க மூக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர், மூக்கு நுனியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். செல்சியா மறுமுனையைத் தன் கன்னத்தில் வைத்து எண்ணைப் பார்த்தாள். கிட்டத்து வளையம் துல்லியமாகக் காட்டியது. நாற்பத்தெட்டு அங்குலம். நாலடி.

அவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, மக்ரூனைத் தொடாமல் எழுந்து போனாள்.

"நாலடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுட்டு" என்று அன்று ராபியத்திடம் சொன்னாள். என்ன என்று சொல்லவில்லை. ஆனால் தனசிங் சார் என்ற பெயர் பேச்சில் இரண்டு தடவை வந்துவிட்டது. துறையே அண்ணாச்சி என்கிற ஆளை இவள் ஏன் சார் என்கிறாள் என்று ராபியத்துக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. அவள் சிரிக்கவில்லை. வழி சொன்னாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பார்க்காமலே இருந்தால் லென்ஸ் மறந்துவிடும். நடு வளையம் போனால் மற்ற இரண்டுக்கும் வெளிச்சம் வந்துவிடும், சோதனையில் தேறிவிடலாம்.

பன்னிரண்டாம் நாள் செல்சியா கேபினிலேயே சாப்பிட்டாள். வாக்கிடாக்கியில் குரல் வந்தது.

"மேடம், சாப்பிட வரலியா?"

"இல்ல சார். இங்கயே ஆச்சு."

"மக்ரூன் இருக்கு."

துறை முழுவதும் கேட்கிற அலைவரிசை அது. லாரி டிரைவர்கள், பெட்டி பூட்டுகிறவர்கள், கப்பல்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்சியா வாக்கிடாக்கியைக் கீழே வைத்தாள். எலுமிச்சைச் சோற்றையும் பாதியில் மூடினாள். வேலைக்காக ஒரு மனிதரைப் பட்டினி போடுகிறோம் என்று தோன்றியது; பட்டினி கிடப்பது தான்தான் என்பது பிறகு தோன்றியது.

சாயங்காலம் ராபியத்து கோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். நடு மேடு குறையவில்லை. முன்னைவிட வளர்ந்திருந்தது.

"பாக்காம இருந்தா மறந்துரும்னு சொன்னேம்லா. தப்பா சொல்லிட்டேன்க்கா. கேபின்ல எதுத்தாப்புல ஒண்ணுமே இல்லாத எடத்த, நாலடியில, மணிக்கணக்காப் பாத்திருக்கிய. இது மறக்கல. ஏங்குது."

செல்சியாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. தன் மேலா, லென்ஸ் மேலா, சிவப்பு மசியில் வட்டம் போட்ட டாக்டர் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அந்தக் கோபம் கரைந்து, கீழே இருந்தது தெரிந்தது. சந்தோஷம். கலப்படமில்லாத சந்தோஷம். நாற்பத்தொன்பது வயதில் ஒரு ஆளைத் தனக்குப் பிடித்திருக்கிறது. தனக்கே தெரியாமல் மூன்று வருடமாகப் பிடித்திருக்கிறது. அவர் சி.எஸ்.ஐ., தான் ஆர்.சி.; சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள், இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தாள்.

நடந்து வரும்போதுதான் பானைச் சோற்றுக் கணக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. மூன்றாவது ஆளைப் பந்தியிலிருந்து எழுப்ப முடியாது, சரி. ஆனால் இரண்டடிக்குள் எதுவானாலும் கிட்டத்து வளையமே பார்த்துக்கொள்ளும் என்று ராபியத்து சொல்லியிருந்தாளே. தெருவில் நின்று, கைப்பையிலிருந்த டேப்பை வெளியே எடுத்து, இரண்டடி எவ்வளவு என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் செல்சியா கேன்டீனுக்குள் வந்தபோது மேசை நிறைந்திருந்தது. சுவரோரப் பெஞ்சில் அவள் இடம் காலி. அவள் அங்கே போகவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்து, தனசிங்குக்கு அடுத்திருந்த மெக்கானிக்கிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். அவர் தள்ளினார், அவருக்கு அடுத்தவர் தள்ளினார், பெஞ்சு முழுவதும் ஒரு சாண் நகர்ந்தது. கடைசியில் இருந்த ஆளுக்கு இடமில்லாமல் அவர் தட்டோடு எழுந்து நின்றார். சாம்பார் வாளியோடு வந்தவரும் நின்றுவிட்டார்.

"என்ன மேடம், எதுத்தாப்புல எடம் இருக்கே" என்றார் தனசிங் மெதுவாக.

"அங்கேருந்து உங்களப் பாத்தா எனக்கு வேல போயிரும் சார். பாக்காம இருந்தும் பாத்துட்டேன், முடியல. இங்கேருந்து பாத்தா ஒண்ணும் ஆகாது." தூக்குப் போணியை மேசையில் வைத்தாள். "நீங்க சொல்லுங்க. நான் உக்காரவா, எந்திரிக்கவா?"

தனசிங் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து, இருவருக்கும் நடுவில் வைத்தார். நடு என்று சொல்ல அங்கே அதிக இடம் இல்லை.

"உக்காருங்க" என்றார். பிறகு தலையைப் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கி, அவள் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். "ஆனா ஒண்ணு மேடம். இம்புட்டுக் கிட்டக்க எனக்கு நீங்க தெரியவே மாட்டேங்கிய. எனக்கும் வெள்ளெழுத்துதான். நாலடி இருந்தாத்தான் உங்க மொகம் தெளிவாத் தெரியும். மூணு வருசமா அதுக்காகத்தான் எதுத்தாப்புல உக்காந்து கெடக்கேன்."

செல்சியா சிரிக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை வாக்கிடாக்கி பொத்தானைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. சாம்பார் வாளி நகர்ந்தது. நின்றிருந்த ஆள் சுற்றிவந்து, காலியாகக் கிடந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். கேட் ஆபீஸ் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். வழக்கம் உடைந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அன்றும் மறுநாளும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தும் கேன்டீன் வாசல் வேப்பமரத்தடிக் கட்டையில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது நமக்கு வேண்டாம். அலைவரிசையில் வராத பேச்சு அது.

பதினைந்தாம் நாள் காலை டாக்டர் சங்கரபாகத்தின் அறையில் சோதனை நடந்தது. கிட்டத்து எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாள். தூரத்து எழுத்துகளையும் கடைசி வரிவரை படித்தாள். டாக்டர் புதிய கோட்டை எடுத்துப் பழைய கோட்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டே மேடு. கிட்டத்து மேடு மட்டும் மலைபோல் எழும்பியிருந்தது. நடுவில் சிவப்பு வட்டமிட்ட இடம் உப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. அவர் முப்பது வருடமாகக் கண்களைப் பார்க்கிறவர். இப்படி ஒரு ஆசை ஐந்தே நாளில் அழிந்ததை அவர் பார்த்ததில்லை.

"விளக்கம் எழுதச் சொல்லியிருந்தேனே. அந்த நாலடி எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல சார்" என்றாள் செல்சியா. "கிட்ட வந்துட்டு."

டாக்டர் கொஞ்ச நேரம் கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளக்கம் என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்சியா பன்னிரண்டு மாடி ஏறினாள். லிஃப்ட் இருந்தது; அவளுக்குப் படியில் ஏற வேண்டும்போல் இருந்தது. மேலே கடல் அப்படியே இருந்தது. கீழே மஞ்சள் தொப்பி கையை உயர்த்தியது.

அடுத்த திங்கட்கிழமை ராபியத்தின் அறை வாசலில் தனசிங் கையை மூன்று தடவை கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் செல்சியா, வலது கண்ணில் ஆரம்பிக்கணும், கிண்ணமா சாஸரா பாக்கணும், காலையில மிளகா தொட்டியளா என்று ராபியத்துக்கு வேலையே வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். ராபியத்து படிவத்தை நீட்டினாள். லென்ஸ் தானாகக் கற்றுக்கொண்டாலும், அதில் 'உங்களுக்குத் தேவைப்படும் தூரம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

தனசிங் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "செல்சியா, அந்த டேப்பைக் குடு" என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு முனையைத் தன் மூக்கு நுனியில் வைத்துக்கொண்டார். அவள் மறுமுனையைத் தன் கன்னத்தில் வைத்தாள். ராபியத்து குனிந்து எண்ணைப் பார்த்தாள். பதினாலு அங்குலம்.

"பதினாறுன்னு போடுங்க அண்ணாச்சி" என்றாள் ராபியத்து. "கொஞ்சம் மூச்சு விடவாவது எடம் வேண்டாமா?"

தனசிங் பதினாலு என்றே எழுதினார்.